கத்தியும் கயவனும்: ஆங்கிலச் சொற்களை எண்ணுவோர்க்கு ஒரு மறுப்பு

சில ஆண்டுகளுக்கு முன்னர் மெய்யியல் மாணவர்க்கென நடைபெற்ற கருத்தரங்கொன்றிலே பேராசிரியர் ஒருவர் கரும்பலகையை நடுவே கோடிட்டுப் பிரித்தார். ஒரு பாதியில் 'பாட்', 'ஈவில்', 'விக்கட்', 'வைல்', 'நோட்டி', 'இல்', 'றோங்', 'பேஸ்', 'சினிஸ்டர்' என ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதினார். மறு பாதியில் 'கெட்ட', 'தீய' என இரண்டை மாத்திரம் எழுதிவிட்டு வெண்கட்டியைக் கீழே வைத்தார். ஒழுக்கவியலைத் தமிழிற் கற்பிக்கலாம் என்போர் இப்பலகையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்றார்.

சபையிலிருந்து ஒருவர் எழுந்தார். தமிழபிமானம் மிக்கவர். தீது, தீங்கு, கேடு, கொடுமை, கயமை, புன்மை, இழிவு, வஞ்சம், பொல்லாங்கு, மாசு, வடு எனத் தொடங்கி இருபதுக்கு மேற்பட்ட சொற்களை மூச்சுவிடாது சொல்லி முடித்தார். கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் பத்து என்றார், இவர் இருபது என்றார், ஏலம் முடிவுற்றது. இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தினர் என்றே அன்று அங்கிருந்தோர் எண்ணினர். இருவரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. சொற்களை எண்ணினார்களேயன்றி அவை ஒவ்வொன்றும் எதனைக் குறைகூறுகின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் நமது ஆங்கில வகுப்புகளிலே நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வரும் ஏணிக் கொள்கையை நோக்குவோம். 'பாட்' என்பது கீழ்ப்படி, 'விக்கட்' அதற்கு மேற்படி, 'ஈவில்' உச்சிப்படி என்பது அதன் சாரம். ஒரே குறையின் அளவு கூடக்கூடச் சொல் மாறுகிறதாம். இக்கொள்கை உண்மையாயின், மழுங்கிய கத்தி மேலும் மேலும் மழுங்கிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் அது 'ஈவில்' கத்தியாதல் வேண்டும். அவ்வாறு எந்த ஆங்கிலேயனும் சொல்லான். எதையும் வெட்டாத கத்தி 'பாட்' என்பதற்குமேற் போகாது. வைத்தியரை எடுத்துக்கொள்வோம். 'பாட்' ஆன வைத்தியர் தொழில் அறியாதவர். 'ஈவில்' ஆன வைத்தியர் தொழிலில் மிக வல்லவராகவும் இருக்கலாம். அந்த வல்லமையே அவரிடத்து நாம் அஞ்சுவது. இவ்விரண்டும் ஒரே ஏணியின் படிகளாயின், முன்னவர் இன்னுஞ் சற்று அறியாமை எய்தினாற் பின்னவராகிவிடுவார் என்று கொள்ள நேரும்.

பீற்றர் கீச் என்ற ஆங்கில மெய்யியலாளர் 1956இல் 'அனலிசிஸ்' என்னும் ஆய்விதழில் எழுதிய குறுங்கட்டுரை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 'நல்ல', 'பாட்' ஆகிய அடைகள் தாம் தழுவும் பெயரிலிருந்தே தம் பொருளைப் பெறுகின்றன என்பது அவர் வாதம். பெரிய எலி சிறிய யானையிலும் சிறியது. 'பெரிய' என்பதற்கு எலியையும் யானையையும் விட்டுத் தனியே ஓர் அளவில்லை. அதுபோலவே கத்தி எதற்கென்று அறியாதவன் இன்ன கத்தி 'பாட்' என்று அறிய முடியாது. கட்டுரைத் தலைப்பிலே அவர் 'ஈவில்' என்ற சொல்லை வைத்தார். வாதமோ பெரும்பாலும் 'பாட்' பற்றியது. நுணுக்கமான தருக்கவியலாளர் ஒருவரின் தலைப்பிலேயே இவ்விரு சொற்களும் இடம்மாறி நிற்பது ஒரு சிறிய வேடிக்கைதான். எனினும் அவரது வாதத்தின் துணைகொண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். 'பாட்' என்று ஒருவர் சொன்னால் 'எந்த வகையில், எந்த நோக்கத்துக்கு?' என்று திருப்பிக் கேட்கலாம். 'ஈவில்' என்று சொன்னால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே கேட்கப்படுவது செய்தவனின் உள்ளத்தைப் பற்றியது.

இந்த வேறுபாடு ஆங்கிலத்தின் பிறவிச் சொத்து என்று கருதுவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'ஈவிலின்' முன்னோடியான 'இவெல்' எல்லாக் குறைகளுக்கும் பொதுவாக வழங்கிய சொல். 'பாட்' பதின்மூன்றாம் நூற்றாண்டளவிலேதான் எழுத்திற் தலைகாட்டுகின்றது. அதன் பிறப்பு இன்றுவரை ஐயத்துக்குரியது. பிந்தி வந்த இச்சொல் நாள்தோறும் வழங்கும் குறைகளையெல்லாம் மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொண்டது. பழஞ்சொல்லுக்கு எஞ்சியது பேய்க்கும் கொலைகாரனுக்கும் உரிய இருண்ட மூலை. ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பு 1611இல் வெளிவந்தபோதுங்கூட இப்பாகப்பிரிவினை முடிந்திருக்கவில்லை. எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் இருபத்து நான்காம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கலாம். அங்கே உண்ணத்தகாத அத்திப்பழங்கள் ஒரு கூடையில் உள்ளன. இரண்டாம் வசனத்தில் அப்பழங்கள் 'நோட்டி' என்றும் 'பாட்' என்றும் சொல்லப்படுகின்றன. மூன்றாம் வசனத்தில் அதே பழங்கள் 'ஈவில்'. ஒரே கூடை, ஒரே அழுகல், அடுத்தடுத்த இரு வசனங்கள், மூன்று சொற்கள்! பேராசிரியரின் பலகையிலே தனித்தனிப் பொருளோடு மிடுக்காக நின்ற மூவர் நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரே பழத்துக்கு மாறிமாறி வழங்கினர். தமிழ் விவிலியத்திலோ அவை கெட்ட பழங்கள். வேறு சொல் வேண்டியதில்லை.

'நோட்டி' என்பதன் கதை இன்னும் சுவையானது. ஒன்றுமில்லை என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது அது. முதலில் வெறுங்கையன், பின் மதிப்பற்றவன், பின் கொடியவன் என்று அது வளர்ந்தது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்திலே கண் பிடுங்கப்படவிருக்கும் குளொஸ்ரர் பிரபு, தன்னை வதைக்கும் ரீகனை இச்சொல்லால்தான் கடிகின்றான். இன்றைய மாணவர் அக்கட்டத்தை வாசித்துச் சிரிக்கின்றனர். ஏனெனில் இன்று அச்சொல் மேசைமேல் ஏறி நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உரியது. அதற்கு நேரான தமிழ்ச்சொல் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு: குழப்படி. 'குழப்படி' என்பதிலும் பொருத்தமாக அதனைப் பெயர்க்க முடியாது. ஆயினும் அகராதிகள் அதனை விடுத்துத் 'துஷ்டத்தனமான' என்று எழுதி வைத்திருக்கின்றன. வீட்டில் வழங்கும் சொல் அகராதிக்கு ஆகாது என்ற கூச்சத்தை நாம் எங்கிருந்து பெற்றோமோ தெரியவில்லை.

பேராசிரியர் பெருமையோடு எழுதிய சொற்களிற் சில எவ்வாறு 'நுண்பொருள்' பெற்றன என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருப்பின் பெருமை சற்றுக் குறைந்திருக்கும். 'வில்லன்' என்று நாம் சினிமாவில் அழைக்கும் ஆள் ஆதியில் பிரபுவின் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த குடியானவன். 'நேவ்' என்றால் சிறுவன், பின்னர் ஏவலாள், அதன்பின் அயோக்கியன். 'லூட்' என்றால் குருத்துவம் பெறாத பாமரன். 'வைல்' என்பது மலிந்த விலையுடையது என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 'பேஸ்' என்றால் தாழ்ந்தது. 'சினிஸ்டர்' என்றால் இடப்புறம், அவ்வளவே. இத்தகைய மாற்றத்தை சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட 'ஸ்ரடீஸ் இன் வேர்ட்ஸ்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சமூகத்தில் ஒருவன் நிற்கும் படியைக் குறித்த சொல் காலப்போக்கில் அவன் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடுகின்றது என்று அவர் காட்டுவார். நீட்சே 1887இல் இதனையே வேறு நோக்கத்தோடு சொன்னார். 'ஷ்லெக்ற்' என்ற ஜேர்மன் சொல் 'எளிய', 'சாதாரண' என்ற பொருளிலிருந்து 'இழிந்த' என்ற பொருளுக்கு வந்ததை அவர் எடுத்துக்காட்டினார். ஏழை என்பதாற் கயவன் என்று சொல்லப்பட்டவனின் முறைப்பாடு இச்சொற்களுள் எங்கோ புதைந்து கிடக்கிறது. ஆங்கிலச் சொல்வளத்தின் ஒரு பகுதி பண்ணையடிமைகளின் முதுகில் ஏறி வந்த வளம்.

இதைச் சொல்லிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள இயலாது. இழிசனர், கீழ்மக்கள், ஈனர், சிற்றினம் என்று நம் இலக்கியமும் எழுதியது. நம் வசைச்சொற்களிற் பல இன்றுவரை சாதிப்பெயர்களாகவே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இதற்கு உதாரணம் தேவையில்லை. சபையில் எழுந்து இருபது சொற்களை அடுக்கிய நண்பரின் பட்டியலில் இரண்டு மூன்று இந்த வகையின. அன்று கைதட்டியோரில் ஒருவரேனும் அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி, ஆங்கிலம் பிரித்தறியும், தமிழ் பிரித்தறியாது என்ற மையமான கூற்றுக்கு வருவோம். கான்ற் 1788இல் வெளியிட்ட நடைமுறை அறிவு பற்றிய ஆராய்ச்சியில் ஒரு மொழிக் குறிப்பு உண்டு. இலத்தீன் மொழியில் 'மாலும்' என்னும் ஒரே சொல் துன்பத்தையும் ஒழுக்கக்கேட்டையும் சேர்த்துக் குறிக்கின்றது. ஜேர்மன் மொழியிலோ துன்பமாகிய தீங்குக்கு 'ஊபெல்' என்றும் ஒழுக்கத்தின்பாற்பட்ட தீமைக்கு 'பேசெ' என்றும் வேறுவேறு சொற்கள் இருப்பது அம்மொழியின் நற்பேறு என்று அவர் மகிழ்கின்றார். இதில் நாம் மனங்கொள்ள வேண்டியது யாது? 'ஊபெலும்' 'ஈவிலும்' ஒரு தாய்ப் பிள்ளைகள். ஜேர்மனியில் தங்கிய பிள்ளை கான்றின் கையில் வெறுந்துன்பத்தைக் குறிக்க, ஆங்கிலம் சென்ற பிள்ளை நேரெதிராக ஒழுக்கக்கேட்டின் உச்சத்தைக் குறிக்கலாயிற்று. அவ்வாறு சென்றபோதும் பழைய வேலையை அது முற்றாகக் கைவிடவில்லை. 1755இல் லிஸ்பன் நகரைப் பூகம்பம் அழித்தபோது எழுந்த இறையியல் விவாதம் ஆங்கிலத்தில் இன்றும் 'ஈவில் பற்றிய பிரச்சினை' என்றே பேசப்படுகின்றது. நிலம் நடுங்கியதற்கும் மனிதன் கொலை செய்ததற்கும் அங்கே ஒரே சொல்.

நமக்கு அவ்வாறன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26இல் கடல் பொங்கி நம் கிழக்குக் கரையையும் வடகரையையும் அழித்தது. அதனைப் பேரழிவு என்றோம், அனர்த்தம் என்றோம், ஆழிப்பேரலை என்றோம். 'தீமை' என்று ஒருவரும் சொல்லவில்லை. கடலுக்கு மனச்சாட்சி இல்லை என்பது நம் மொழிக்குத் தெரியும். அதே வாரத்தில் ஒழுக்கவியல் விரிவுரைக்குப் போன மாணவன் 'தீமைப் பிரச்சினை' என்ற தலைப்பின்கீழ் பூகம்பத்தையும் கடல்கோளையும் குறிப்பெடுத்தான். அவனுக்கு அது விளங்காமற் போயிருப்பின் குற்றம் அவனுடையதன்று, தமிழினதும் அன்று. ஆங்கிலத்திலுள்ள ஒரு குழப்பத்தை ஒரு கலைச்சொல்லிற் கட்டி அவன் தலையில் வைத்தவர் நாமே.

மொழிபெயர்ப்பாளர் விழித்திருந்தால் என்ன நிகழும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு 'ஈவில்' என்ற சொல்லை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆள்கின்றது. ஓரிடம் யாவரும் அறிந்த செபம். மற்றோரிடம் நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்கும்படி சொல்லும் அதிகாரத்தின் கடைசி வசனம். கிரேக்க மூலத்தில் அவ்விரண்டிடத்தும் வெவ்வேறு சொற்கள். ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கியது. புரட்டஸ்தாந்தரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ முன்னையதிற் 'தீமை' என்றும் பின்னையதிற் 'பாடு' என்றும் எழுதியது. பாடு! நாளொன்றுக்கு ஒரு மனிதன் படும் பாடு. எந்த அகராதியிலே 'ஈவில்' என்பதற்குப் 'பாடு' என்று பொருள் எழுதப்பட்டிருக்கிறது? சமாதானத்தைப் போலவே அதன் எதிரானதையும் இறைவனே படைக்கிறான் என்று ஏசாயாவில் வரும் இடத்தில் ஆங்கிலம் மீண்டும் 'ஈவில்' என்று எழுத, தமிழ் 'தீங்கு' என்கின்றது. தீமைக்கும் தீங்குக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் அங்கு முழு இறையியலும் நிற்கிறது. இந்த மொழிபெயர்ப்பின் நடையை எள்ளி நகையாடுவது நம் தமிழ்த்துறைகளில் ஒரு மரபு. சிலவிடங்களில் அந்நகை பொருத்தமானதே. ஆனால் இம்மூன்று இடங்களில் அவர்கள் செய்ததை நம் கலைச்சொற்றொகுதிகள் செய்யவில்லை.

மறுதலையாக, போப் ஐயர் 1886இல் திருக்குறளை ஆங்கிலமாக்கியபோது தீவினையச்சம், இன்னா செய்யாமை, தீ நட்பு என்னும் அதிகாரப் பெயர்கள் மூன்றிலும் 'ஈவில்' என்ற ஒரே சொல்லையே பெய்தார். 'இன்னா' என்பது இனியதல்லாதது, பிறர்க்கு நோவது. 'தீவினை' செய்தவனைப் பற்றும் செயல். வள்ளுவர் இருவேறு அதிகாரங்களாகப் பிரித்து வைத்தவை அங்கே ஒன்றாகின. அதனைக் கொண்டு ஆங்கிலம் வறிய மொழி என்று நாம் முடிவுகட்டுவோமாயின் கரும்பலகைப் பேராசிரியருக்கும் நமக்கும் வேறுபாடில்லை.

ஆகவே கேட்கத்தக்க கேள்வி, ஒவ்வொரு சொல்லும் எந்தத் திசையிலிருந்து குறையை நோக்குகின்றது என்பதே. 'கெட்ட' என்பது 'கெடு' என்ற வினையின் இறந்தகால எச்சம். முன்பு நன்றாயிருந்து பின் பழுதடைந்தது என்ற வரலாறு அதனுள் இருக்கிறது. கெட்ட பால், கெட்ட பழம், கெட்டுப்போன பிள்ளை. செய்யும்போதே மழுங்கலாகச் செய்யப்பட்ட கத்தியைக் 'கெட்ட கத்தி' என்று எவரும் சொல்வதில்லை. உதவாத கத்தி என்போம், அல்லது ஒன்றுக்கும் ஆகாதது என்போம். 'பாட்' என்பதில் அந்த வரலாறு இல்லை. 'கொடுமை' என்பது 'கொடு' என்ற வளைவின் வழிவந்தது. செங்கோலுக்கு எதிரானது கொடுங்கோல். ஆங்கிலத்து 'றோங்' என்பதும் முறுக்குண்டது, கோணியது என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே கோணலைக் கண்டன. ஆயினும் 'றோங்' இன்று தவறான கணக்குக்கும் வழங்கும். 'கொடுமை' அவ்வாறு இறங்கவில்லை, பட்டவனின் அலறல் அதனுள் இன்னும் கேட்கிறது. 'பொல்லாத' என்பது ஏசுவதற்கும் ஆகும், சுட்டித்தனத்தை மெச்சுவதற்கும் ஆகும். இலண்டன் இளைஞர் கடந்த நூற்றாண்டின் இறுதியில் 'விக்கட்' என்பதைப் பாராட்டாக மாற்றியபோது நம் பாட்டிமார் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததையே செய்தனர்.

அரசறிவியல் வகுப்பிலே தொமஸ் பெயினின் 1776ஆம் ஆண்டுக் கருத்தை மாணவர் படிக்கின்றனர்: அரசாங்கம் 'அவசியமான தீமை'. நாற்பது ஆண்டுகளாக நம் விடைத்தாள்களில் இத்தொடர் வாழ்கின்றது. தமிழில் இதன் பொருள் யாது? தீமை அவசியமாயிருக்க முடியுமா என்று ஒரு மாணவன் கேட்டால் விரிவுரையாளர் தடுமாறுகின்றார். மூலத்திலுள்ள 'ஈவில்' அவ்விடத்தே பேயுமன்று, பாவமுமன்று. பட்டே தீரவேண்டிய ஒரு தொல்லை.

ஹன்னா ஆரென்றின் தொடர் இதற்கு நேரெதிரான விபத்துக்கு உள்ளானது. அடொல்ஃப் ஐக்மன் 1961இல் ஜெரூசலேமில் விசாரிக்கப்பட்டான். மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டான். 1963இல் அவர் எழுதிய நூலின் துணைத்தலைப்பை 'தீமையின் சாதாரணத்தன்மை' என்று தமிழாக்கினால் எவரும் திடுக்கிடமாட்டார். 'தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்' என்று பத்தாம் வகுப்பிற் கட்டுரை எழுதிய நமக்குத் தீமை எப்போதுமே சாதாரணம்தான். ஆங்கில வாசகன் திடுக்கிட்டது, பேயின் வாசம் வீசும் ஒரு சொல்லின் அருகே கந்தோர் எழுதுவினைஞனின் சலிப்பைக் குறிக்கும் சொல் வந்து அமர்ந்தமையால். கோப்புகளை ஒழுங்காக நகர்த்திய ஒருவன் இலட்சக்கணக்கான யூதரைச் சாவுக்கு அனுப்பினான், அவனிடத்தே பேயைத் தேடியும் காணவில்லை என்பதுதான் அந்நூலின் அதிர்ச்சி. 'கொடுமையின் சாமானியம்' என்றால் அந்த அதிர்ச்சியிற் பாதியேனும் கிடைக்கும். மறு பாதிக்கு இன்னும் சிறந்த சொல்லை இதனை வாசிப்போர் தரலாம்.

இத்தனையும் வெறும் அகராதிச் சண்டை என்பார் உளர். 1983 மார்ச்சில் ஜனாதிபதி றீகன் சோவியத் ஒன்றியத்தை 'ஈவில்' பேரரசு என்றார். 2002 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் மூன்று நாடுகளை 'ஈவில்' அச்சு என்றார். 'பாட்' அரசாங்கத்தோடு பேரம் பேசலாம், திருத்தச் சொல்லலாம், எந்த வகையிற் குறையுடையது என்று கேட்கலாம். மற்றச் சொல்லை ஒட்டியபின் பேச ஒன்றுமில்லை. அம்மூன்று நாடுகளுள் ஒன்றன்மீது மறு ஆண்டே படையெடுப்பு நிகழ்ந்தது. செயலை விட்டு ஆளைப் பற்றும் சொல் இவ்வாறான வேலையைச் செய்யும்.

நம்மிடையே அந்த வேலையைச் செய்தது 'துரோகி' என்ற சொல். எழுபதுகளின் மேடைகளிலிருந்து 2009 வரை அச்சொல் யார் யார்மீது ஒட்டப்பட்டது, ஒட்டப்பட்டபின் அவர்களிற் பலருக்கு என்ன நேர்ந்தது என்பதை நாமறிவோம். அவர் செய்தது பிழையா, மடமையா, அச்சமா, மாற்றுக் கருத்தா என்று கேட்க அச்சொல் இடந்தரவில்லை. தவறு, பிழை, குற்றம், தீங்கு, தீமை, வஞ்சகம் என்று நம் மொழி பிரித்து வைத்த அத்தனை வாயில்களும் அந்த ஒரு சொல்லாற் சாத்தப்பட்டன. கல்வி கற்றோரும், பல்கலைக்கழகத்தில் இருந்தோரும் அதனைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். மறுதரப்பார் எம் எல்லோர்மீதும் ஒட்டிய ஒற்றைச் சொல்லின்மீது எமக்கிருந்த கோபம் எமது சொல்லின்மீது இருக்கவில்லை.

பல்லாண்டுகளுக்கு முன் இரண்டாம் பரீட்சகனாக ஒரு விடைத்தாளைப் பார்த்தேன். பெயினின் கருத்தை விளக்கிய மாணவி 'அவசியமான தீமை' என்று எழுதி, அதனை வெட்டி, மேலே 'பட்டுக்கொள்ள வேண்டிய பாடு' என்று எழுதியிருந்தாள். முதலாம் பரீட்சகர் அதன்கீழ்ச் சிவப்புக் கோடிட்டுக் 'கலைச்சொல் பிழை' என்று ஓரத்தில் எழுதி இரண்டு புள்ளிகளைக் குறைத்திருந்தார். அவ்விரு புள்ளிகளையும் திருப்பிக் கொடுக்குமாறு நான் வாதாடினேன். ஒன்றுதான் கிடைத்தது.